வியாகுலமேரி விளாவிய காற்று

ஆவூர் இன்னாசியின் மகள் வியாகுலமேரிக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் ‘ஆகாசக் கண்டக்டர்’. கேலிக்கு வைத்ததுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அந்தக் கேலியில் பாதி உண்மை இருந்தது. அவளை விமானத்தில் வேலைக்கு வைத்த அன்னவாசல் உடையப்பனும் அவளைக் கண்டக்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

உடையப்பன் பஸ் முதலாளி. புதுக்கோட்டையைச் சுற்றி அவர் பஸ் போகாத ஊர் குறைவு. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எல்லாரும் வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தபோது, பஸ்ஸின் முதுகில் இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, கரிவாயுவிலேயே ஓட்டிக் காட்டிய மனிதர். சண்டை முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட டக்கோட்டா விமானங்கள் ஏலத்துக்கு வந்தபோது இரண்டை எடுத்து வந்து திருச்சியில் நிறுத்தினார். இறக்கை முளைத்த பஸ், அவ்வளவுதான் அவருக்கு. மூக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார், சக்கரத்தடியில் பூசணிக்காய் உடைத்தார், வாசலில் நின்ற வியாகுலமேரியின் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார். கதவைச் சாத்திவிட்டு அவள் இரண்டு விசில் ஊதினால்தான் விமானம் கிளம்ப வேண்டும் என்பது உத்தரவு. கேப்டன் விமானப்படையிலிருந்து வந்த வடக்கத்திக்காரர். விசில் சத்தம் கேட்டதும் மீசைக்குள் சிரித்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்புவார்.

வியாகுலமேரி அதற்கு முன்னால் அவருடைய திருச்சி பஸ் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. வரை கன்னியாஸ்திரிகளிடம் படித்ததால் இங்கிலீஷ் தடுமாறாமல் வரும். யாருக்கும் பயந்து பேச வராது. வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். பெண்பிள்ளை ஆகாயத்தில் ஆம்பிளைகளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுக்கப் போகிறாள் என்ற சேதி ஆவூருக்கு வந்தபோது, பூசை முடிந்து கோவிலை விட்டு வெளியே வந்த சனம் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்று பேசியது. இன்னாசி வயலுக்குப் போய்விட்டு, பொழுது சாய வந்து மகளைக் கூப்பிட்டார்.

“போறதுன்னா போ. ஆனா ஒண்ணு. இந்த வேலைய எண்ணைக்குத் தொலைக்கிறியோ, அண்ணைக்கு நான் காட்டுற ஆளுக்குக் கழுத்த நீட்டணும்.”

அவர் காட்டப்போகிற ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும். மணப்பாறையில் மாட்டு வியாபாரம் செய்கிறவன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், அவளைவிடப் பல வயது மூத்தவன்.

“சரிப்பா. வேலை போனா நீங்க காட்டுற ஆளு” என்றாள். வாக்கு கொடுத்துவிட்டாள். போகாது என்ற திமிர்தான்.

போகிற அளவுக்குக் கொண்டுவந்தது ஒரு ஈயக் குண்டு.

முதல் மார்கழியில் பெங்களூர் போகிற வழியில் உடையப்பனும் ஏறியிருந்தார். மேலே போனதும் பயணிகள் கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டார்கள். சிறிது நேரத்தில் காலடியிலிருந்து இதமான காற்று வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த உடையப்பன் மூக்கை உறிஞ்சினார். “எங்கேருந்தும்மா வருது இந்தச் சூடு?”

“எஞ்சின்லேருந்துங்க மொதலாளி.”

அவ்வளவுதான், மனிதர் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். கரிவாயு பஸ் ஓடிய காலத்தில் அவருடைய டிரைவர்கள் செய்த களவு ஒன்று உண்டு. அடுப்பு மூடியைத் திறந்து பனங்கிழங்கு வாட்டுவார்கள், டீக்குத் தண்ணீர் காய்ச்சுவார்கள். மூடி திறந்த வண்டிக்கு இழுவை போய்விடும். நார்த்தாமலைப் பக்கத்து ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ள, டிரைவர் கிழங்கை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்த உடையப்பன், அன்றிலிருந்து அடுப்பு மூடிகளைக் கம்பியால் கட்டி, ஈயக் குண்டு வைத்து, தன் முத்திரையை அதில் அழுத்தினார். சூட்டை வெளியே எடுத்தால் வண்டி இழுக்காது என்பது அவர் அனுபவித்துத் தெரிந்துகொண்ட உண்மை. கரியடுப்பைப் பொறுத்தவரை அது சரியான உண்மையும்கூட.

திருச்சிக்குத் திரும்பியதும் அதே கம்பி, அதே ஈயம், அதே முத்திரை. கேப்டன் அறைக்குப் பின்சுவரில் இருந்த சூட்டுக் கைப்பிடி, மூடிய நிலையிலேயே கட்டப்பட்டது. முத்திரையை உடைப்பவர் யாராயிருந்தாலும் அன்றோடு வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்.

விமானங்களைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் தைரியநாதன் எடுத்துச் சொல்லத்தான் செய்தார். “மொதலாளி, இது கரியடுப்பு இல்லீங்க. எஞ்சின் எரிச்ச சூட்டுல முக்காவாசி புகைக்குழாய் வழியா வெளிய போயிருது. அந்தக் குழாயச் சுத்தி இரும்புல ஒரு சட்டை போட்டிருக்கு. வெளிக்காத்து அந்தச் சட்டைக்குள்ள பூந்து, சூடேறி, உள்ள வருது. நாம மூடி வச்சா அந்தச் சூடு சும்மா ஆகாசத்துக்குத்தான் போகும்.”

“சும்மா வர்ற சூடுன்னு ஒண்ணு ஒலகத்துல இருக்காய்யா?” என்றார் உடையப்பன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவர் போனபிறகு வியாகுலமேரி தைரியநாதனிடம் கேட்டாள். “நெசமாவே ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட ஆகாதாண்ணே?”

“அந்தச் சட்டையோட கனம் ஒண்ணு இருக்கு தங்கச்சி. காத்து நொழையிற வாய் விமானத்தக் கொஞ்சம் பின்னால இழுக்கும். அது தெறந்தாலும் உண்டு, மூடினாலும் உண்டு. கைப்பிடியத் திருப்புறதுக்குன்னு தனியாப் பெருசா எதுவும் போகாது. ஒரு பக்கம் சூட்டுக்காத்து, ஒரு பக்கம் பச்சக்காத்து. வெந்நீர் வெளாவுற மாதிரி ரெண்டையும் வெளாவி விடுறதுதான் அந்தக் கைப்பிடியோட வேலை.”

குளிருகிறது என்று யாராவது கேட்டால் ஹீட்டர் ரிப்பேர் என்று சொல்லும்படி அவளுக்கு உத்தரவு வந்தது. “ரிப்பேர்னு சொல்ல மாட்டேங்க. மொதலாளி முத்திரை வச்சிருக்காருன்னு சொல்றேன்” என்றாள். உடையப்பன் முறைத்தார். பெங்களூர் ஒரு மணி நேரத்து ஊர் என்பதால் பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த வருஷம் அவருக்குக் காசி யோசனை வந்தது. திருச்சியிலிருந்து ஐதராபாத், நாகபுரி வழியாகக் காசிக்கு ஸ்பெஷல் விமானம். சித்திரையில் போன முதல் பயணம் அமோகமாக நடந்தது. அந்த வெயிலில் ஹீட்டரை யார் நினைக்கப் போகிறார்கள்? இரண்டாவது பயணம் தை மாதத்தில் வந்தது.

அதில் ஏறியவர்களில் ஒருவர் ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயி ஆத்மநாதன். எழுபதை நெருங்கியவர். மனைவி செவந்தி போன மாதம்தான் இறந்திருந்தாள். அவளுடைய சாம்பலைச் சிறு கலயத்தில் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டி, மடியில் வைத்திருந்தார். நிலத்தில் ஒரு துண்டை விற்றுத்தான் இந்தப் பயணம். ரயிலில் போனால் நடுவில் தன் உடம்பும் விழுந்துவிடுமோ என்ற பயம்.

நாகபுரியில் ராத்தங்கல். காலையில் கிளம்பும் முன் ஆத்மநாதன் விமான நிலையத்துக் குழாயடியில் குளித்தார். குளித்த ஈர வேட்டியைப் பிழிந்து அதையே கட்டிக்கொண்டு, மேலுக்கு ஒன்றுமில்லாமல், கலயத்தோடு வந்து ஏறினார். வியாகுலமேரி கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“வேணாம் தாயி. சாம்பலக் கரைக்கக் கெளம்புற அண்ணைக்குக் குளிச்ச துணி ஒத்தத் துணிதான். கரைக்கிற வரைக்கும் வேற துணி மேல படக்கூடாது. எங்க வகையறா வழக்கம்.”

“மேல போனாக் குளுரும்ங்க ஐயா.”

“குளுரட்டும்.”

விமானம் கிளம்பியது. வழியில் மேகம் கட்டியிருந்ததால் கேப்டன் வழக்கத்தைவிட உயரே ஏற்றினார். ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தால் சுரீரென்றது. மற்றவர்கள் கம்பளிக்குள் சுருண்டார்கள். ஆத்மநாதன் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினார். உதடு நீலம் பாரித்தது. அவள் சூடாகக் காப்பி கொண்டுவந்தாள். குடிக்க முடியாமல் பாதி வேட்டியில் சிந்தியது.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்த வழக்கத்த விட்டா என்னங்க ஆயிரும்?”

அவருக்கு நாக்கு குழறியது. “ஒண்ணும்... ஆகாது. ஆனா அவளுக்குன்னு... நான் செய்யிறதுல... இது ஒண்ணுதானே மிச்சம்.”

வலுக்கட்டாயமாகக் கம்பளியைப் போர்த்திவிடலாம்தான். தடுக்க அவருக்குத் தெம்பு கிடையாது. ஆனால் அது திருடுவதற்குச் சமம் என்று அவளுக்குப் பட்டது. சற்று நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர், பெரியவருக்குக் குளிர் பழகிவிட்டது என்றார். அவர் கண் செருகுவதைப் பார்த்தவளுக்கு அது நல்லதாகத் தெரியவில்லை. குனிந்து அவர் காதருகில் கேட்டாள்.

“துணிதானே படக்கூடாது? காத்துப் படலாமாங்க?”

ஆத்மநாதன் கண்ணைத் திறக்க முயன்றார். “காத்துக்கு என்ன... தாயி தீட்டு.”

அவள் நேராகக் கேப்டனிடம் போனாள். சொன்னதைக் கேட்டுவிட்டு அவர், முத்திரை முதலாளியுடையது, அதைத் தொட்டால் என் வேலையும் போகும், எனக்கு மூன்று பிள்ளைகள் என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் முன்பக்கம் பார்த்துத்தான் ஓட்டுகிறேன், பின்சுவர் எனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அந்த மட்டில் அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவள் அவரை முழுசாக மன்னிக்கவில்லை.

கைப்பிடியின் முன்னால் நின்றபோது மணப்பாறை மாட்டு வியாபாரியின் முகம் அவளுக்கு நினைவுக்கு வரத்தான் செய்தது. கம்பியைப் பார்த்தாள், கண் செருகிக் கிடந்த பெரியவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் செத்துப்போகிற அளவுக்குக் குளிர்கிறது, நாலடி தள்ளிச் சூடு வெளியே கொட்டுகிறது, நடுவில் காவலுக்கு நிற்பது ஒரு ஈயக் குண்டு. சோடா ஓப்பனரைக் கம்பிக்குள் விட்டு முறுக்கினாள். இரண்டாவது முறுக்கில் கம்பி அறுந்தது. ஈயக் குண்டு எங்கோ உருண்டு போயிற்று.

கைப்பிடியை ஒரேயடியாகத் திருப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக விளாவினாள். முதலில் காய்ந்த தூசு வாசனை வந்தது. பிறகு வெதுவெதுப்பு வந்தது. கம்பளிக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது. ஆத்மநாதனின் ஈர வேட்டியிலிருந்து லேசாக ஆவி கிளம்பியது. காசி நெருங்கும்போது அவர் மறுபடியும் நடுங்க ஆரம்பித்தார். நடுங்குகிற தெம்பு உடம்புக்குத் திரும்பிவிட்டது என்று கண்ட பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

திரும்பி வந்ததும் புதுக்கோட்டை பஸ் ஷெட்டில் விசாரணை. டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள் எல்லாரும் நின்றார்கள். பெண்ணுக்குப் புத்தி சொல்லட்டும் என்று உடையப்பன் ஆள் அனுப்பி இன்னாசியையும் வரவழைத்திருந்தார். அவர் பழைய டயர்களுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

உடையப்பன் பெட்ரோல் டாங்கில் விட்டு அளக்கும் குச்சியைக் கையில் வைத்திருந்தார். “குச்சி பொய் சொல்லாதும்மா. சித்திரையில போனதவிட இந்தத் தடவை கூடக் குடிச்சிருக்கு.”

“எதுத்த காத்துங்க மொதலாளி. வழி பூரா மூக்குலயே அடிச்சிருக்கு” என்றார் தைரியநாதன்.

“காத்தும் அடிச்சிருக்கும், சூடும் குடிச்சிருக்கும்.”

கூடக் குடித்தது உண்மை. எதனால் என்று பிரித்துக் காட்ட அந்த ஷெட்டில் எந்தக் குச்சியும் கிடையாது. தைரியநாதன் தலையைச் சொறிந்தார்.

உடையப்பன் கொடுங்கோலர் அல்லர். அவளுடைய கைத்திறனும் தைரியமும் அவருக்குப் பிடிக்கும். குரலைத் தணித்தார். “இங்க பாரு புள்ள. எல்லார் முன்னாலயும் ‘தப்புதான்’னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கு நீயே விசில் ஊது.”

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் ஆகாயம், சொல்லாவிட்டால் மணப்பாறை. டயர்களுக்குப் பக்கத்தில் அப்பா குனிந்த தலை நிமிராமல் நிற்பதை அவள் பார்த்தாள்.

“மொதலாளி, சூட்டுக்குப் பெட்ரோல் ஆகாதுன்னு தைரியநாதன் அண்ணன் சொல்றாரு. நான் அத நம்புறேன். ஆனா அத நம்பி நான் தெறக்கல. குடிச்சுச்சுன்னே வைங்க. அப்பவும் தெறந்திருப்பேன். நாளைக்கு இன்னொருத்தரு அப்படி ஒக்காந்திருந்தா நாளைக்கும் தெறப்பேன். இதுல தப்புன்னு சொல்ல எனக்கு நாக்கு வராதுங்க.”

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஊருக்குப் போக வேறு பஸ் இல்லாததால் அப்பாவும் மகளும் உடையப்பன் பஸ்ஸிலேயே டிக்கெட் வாங்கி ஏறினார்கள். ஆவூரில் இறங்கியதும் அவள்தான் பேசினாள்.

“வாக்கு வாக்குதாம்பா. ஆளக் காட்டுங்க.”

மணப்பாறைக்குச் சேதி போயிற்று. தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது, ஈஸ்டர் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சாயிற்று. ‘ஆகாசக் கண்டக்டர் தரையிறங்கிட்டா’ என்று ஊர் சிரித்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகும்போதுகூட விமானத்தில் போட்டிருந்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். சிரிக்கிறவர்கள் நன்றாகப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தாள். வீட்டுக்குள் வந்தால் மட்டும் அழுகை வந்தது. அதை அம்மா சந்தனமேரி தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

மணப்பாறைக்காரர்கள் நாள் குறிக்க வந்து உட்கார்ந்திருந்த அன்றைக்கு, விசாரித்து விசாரித்து ஆத்மநாதன் வந்து சேர்ந்தார். கையில் கங்கைச் சொம்பு. இன்னாசியைப் பார்த்துக் கும்பிட்டார்.

“ஒங்க மக அண்ணைக்கு அந்தக் கம்பிய அறுக்கலேன்னா, கங்கையில ரெண்டு சாம்பலக் கரைக்க வேண்டி வந்திருக்கும்ங்க. அதுவும் என் வழக்கத்தக் கெடுக்காம அந்தப் புள்ள காப்பாத்துச்சு. ஒங்க சாமிக்கு இது ஆகுமோ என்னமோ எனக்குத் தெரியல. எங்கிட்ட இருக்கறதுலேயே பெருசு இதுதான்.”

இன்னாசி இரண்டு கையாலும் சொம்பை வாங்கினார். மாதா படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்குப் பெரிய பேச்சுப் பேசிப் பழக்கமில்லை. திரும்பி மணப்பாறைக்காரர்களிடம் சொன்னார்.

“கல்யாணம் இல்லீங்க. வேலையத் தொலைச்சாத்தான் கட்டிக் குடுக்கறதாப் பேச்சு. எம்மவ தொலைக்கல. ஒரு உசுருக்கு மாத்திட்டு வந்திருக்கா.”

வந்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் யாரோ கண்டக்டர் என்று ஆரம்பித்ததும் இன்னாசி நின்றார். “ஒங்கள்ல எவனுக்காவது குளுருதுன்னாச் சொல்லுங்கடா, எம்மவகிட்டச் சொல்றேன்” என்றார். அதன் பிறகு அந்தப் பட்டப்பெயர் அவர் காதுபட வரவில்லை.

மறு வருஷம் அரசாங்கம் விமானக் கம்பெனிகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. உடையப்பனின் இரண்டு டக்கோட்டாவும் போயின. புதிதாக ஆள் எடுத்தபோது வியாகுலமேரி சென்னைக்குப் போய் நின்றாள். முன்பு ஏன் வேலையை விட்டு நீக்கினார்கள் என்று கேட்டார்கள். மழுப்பாமல் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கேயும் அப்படிச் செய்வாயா என்று ஒருவர் கேட்டதற்கு, இங்கேயும் யாராவது முத்திரை வைப்பீர்களா என்று திருப்பிக் கேட்டாள். வேலை கிடைத்தது.

1960-ல் ஒரு தை மாதக் காலை. சென்னையிலிருந்து டெல்லி போகும் புது விமானத்தில், ஜன்னலோரத்தில் உடையப்பன் உட்கார்ந்திருந்தார். கண் ஆபரேஷனுக்குப் போகிறார். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. பட்டுச் சட்டைக்குள் தோள் குலுங்கியது. அவள் கம்பளியை நீட்டினாள். அவளை அடையாளம் தெரிந்துகொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். “வேணாம். எனக்கொண்ணும் குளுரல.”

அவள் முன்னால் போய், சூட்டைக் கொஞ்சம் கூட்டும்படி கேப்டனிடம் சொல்லிவிட்டு வந்தாள். சிறிது நேரத்தில் உடையப்பனின் தோள் அடங்கியது. டெல்லியில் எல்லாரும் இறங்கிய பிறகு, கடைசியாக வாசலில் வந்து நின்றார்.

“எவ்வளவு குடிச்சிருக்கும்?”

“இந்த வண்டியில காத்துக்கே எண்ணெய் ஆகும்ங்க. ரொம்ப ஒசரத்துல பறக்குறதால, வெளிக்காத்த எஞ்சின் பலத்துல அமுக்கித்தான் உள்ள விடணும். அந்த மட்டுக்கும் நீங்க சொன்னது சரி. ஆனா சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சுடுமில்ல, அது மாதிரி அமுக்குன காத்து தானாவே சுடும். அத எவ்வளவு ஆத்தி விடுறதுங்கறதுதான் வேலை. கொஞ்சம் கூட்டி வச்சா, கொறச்சு வச்சா, பெருசா வித்தியாசம் வராதுங்க.”

“அப்ப அண்ணைக்கு?”

“அண்ணைக்கு அதுவும் இல்லீங்க. புகையோட போற சூடுதான்.”

உடையப்பன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். “குடிக்காதுன்னு நீ அழுத்திச் சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். ‘குடிச்சாலும் தெறப்பேன்’னு ஏன் சொன்ன?”

“நீங்க பெட்ரோலக் கேட்டீங்க. நான் பெரியவரப் பத்திச் சொன்னேன்.”

கீழே டெல்லிக் குளிர் காத்திருந்தது. அவர் முதல் படியில் கால் வைத்தவர், திரும்பாமலே கேட்டார். “திரும்பி வர்றப்ப நீ இருந்தீன்னா, இதே மாதிரி நான் கேக்காமலே வச்சிரு.”

“இந்தத் தடவை கேக்காம வச்சேங்க” என்றாள் வியாகுலமேரி. “அடுத்த தடவை குளுருதுன்னு வாயத் தெறந்து கேக்கணும். கேட்டாத்தான்.”

அவர் இரண்டு படி இறங்கி, நின்று, காலையில் வேண்டாமென்ற கம்பளிக்காக அவளை நோக்கிக் கையை நீட்டினார்.

“குளுருதும்மா” என்றார்.